அண்ணன் மூலையில் வைத்த விளக்கு

அண்ணன் போய் வருஷம் திரும்புகிறது. நினைவு மலர் போடுகிறோம், முதல் கட்டுரை சித்தப்பா எழுத வேண்டும் என்று அண்ணன் மகள் சாந்தி சொல்லிவிட்டாள். நான் கொத்தனார். பேசுவதே கம்மி. தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது இலங்கையில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில். அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தார். அண்ணன் மூத்தவர், நான் கடைசி. நடுவில் பிறந்தவர்கள் தங்கவில்லை.

இரண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டு எங்களை இந்தியாவுக்கு அனுப்பியபோது அண்ணனுக்கு மீசை அரும்பும் வயது. கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் ரயில், அப்புறம் லாரி. நீலகிரியில் நெல்லியாளம் பக்கம் காட்டை வெட்டிப் போட்ட புதுத் தோட்டத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். நல்ல மழை. அம்மா லாரியை விட்டு இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அண்ணன் முதலில் குதித்தார். அம்மாவின் டிரங்குப் பெட்டியை இறக்கித் தகரக் கூரைக்கு அடியில் வைத்தார். "எறங்குங்கம்மா. அங்கயும் மழைதான், இங்கயும் மழைதான்" என்றார். அம்மா இறங்கினார். இந்த ஊரில் எங்கள் பிழைப்பு அப்படித்தான் தொடங்கியது.

அண்ணன் ஃபேக்டரியில் ஃபிட்டருக்குக் கையாளாகச் சேர்ந்து ஃபிட்டர் ஆனார். குழாய் வேலையில் கை சுத்தம். குடி கிடையாது. சத்தம் போட மாட்டார். ஸ்பேனரை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் மட்டும் இரண்டு நாள் பேச மாட்டார். ஃபேக்டரி மூடிக் கிடந்த காலத்தில் கூடலூர் வரை நடந்துபோய் பம்பு பழுது பார்த்து எங்கள் எல்லோருக்கும் சோறு போட்டார். எனக்குக் கொத்துக் கரண்டி வாங்கிக் கொடுத்து மேஸ்திரியிடம் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

அண்ணி அடுத்த லயத்துப் பெண். அவர்கள் வீட்டாரும் எங்களைப் போலக் கப்பலில் வந்தவர்கள். அண்ணனுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகள் சாந்தி. மகன் பேரை இந்த மலரில் போடலாமா என்று சாந்தி கேட்டாள். போடு என்றேன். அந்த வீட்டில் எத்தனையோ வருஷமாக யாரும் வாயால் சொல்லாத பேர் அது. ராசு.

ராசுவுக்கு நடை பழகி ஓடத் தொடங்கிய வயது. ஆடி மாதம், காய்ச்சல். மரம் விழுந்து ரோடு அடைத்துக்கொண்டது, பஸ் இல்லை, ஜீப் இல்லை. அண்ணன் பிள்ளையைத் தோளில் போட்டு, மேலே சாக்கைப் போட்டு, ஆஸ்பத்திரிக்கு நடந்தார். அண்ணியும் நானும் பின்னால் போனோம். வழியில் அண்ணி, "ஏங்க, சாக்கு நழுவுது. புள்ள நனையுது" என்றார். அண்ணன் சாக்கை இழுத்து மூடிவிட்டு நடந்தார். திரும்பவும் நழுவியது. திரும்பவும் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிப் பார்த்தபோது உயிர் இல்லை.

அதற்கு அப்புறம் சாந்தி பிறந்தாள், வளர்ந்தாள், படித்தாள், திருப்பூரில் கட்டிக்கொடுத்தோம். ராசு பேச்சு மட்டும் இல்லை. அண்ணனும் பேசவில்லை, அண்ணியும் பேசவில்லை.

ஓய்வு பெற்றதும் லயத்தை விட்டு அண்ணன் காலனியில் வீடு கட்டினார். சுவர் என் வேலை, குழாய் அவர் வேலை. என் வீடும் பக்கத்திலேயே. குடிபோன கொஞ்ச நாளில் அண்ணிக்கு மறதி வந்தது. முதலில் உப்பை மறந்தார். பிறகு ஆட்களை மறந்தார். ஒரு நாள் காலையில் நான் உள்ளே நுழைந்ததும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்து நின்றார். தோட்டத்தில் ஆள் பேர் எழுதி வேலை வாங்கும் கங்காணி என்று என்னை நினைத்துவிட்டார்.

"கங்காணி ஐயா, எனக்குப் பேர் போட்டீங்களா?"

"போட்டாச்சும்மா" என்றேன்.

அண்ணன் சிரித்துவிட்டார். "ஒனக்குப் புரமோஷன்டா. கரண்டியக் கீழ வெச்சிட்டுக் கம்பப் புடி" என்றார்.

அந்த மட்டோடு நின்றிருந்தால் சிரித்தே ஓட்டியிருப்போம். அடுத்த மழைக் காலத்தில்தான் கஷ்டம் வந்தது. பொழுது சாய்கிற நேரம், பீரோவுக்கும் கதவுக்கும் நடுவில் உள்ள மூலையை அண்ணி பார்க்க ஆரம்பித்தார். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்.

"ஏங்க, புள்ள நனையுது. உள்ள கூப்பிடுங்க."

அண்ணன் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார். நானும் அங்கே இருந்தேன்.

சொல்வதோடு நிற்கவில்லை. பிள்ளையைக் கூட்டிவர அண்ணி வெளியே கிளம்பினார். எங்கள் காலனியைச் சுற்றித் தேயிலை. பொழுது சாய்ந்தால் யானை இறங்கும். முதல் தடவை போனபோது காலனி ஆட்கள் எல்லோரும் டார்ச் எடுத்துக்கொண்டு தேடினோம். தேயிலைக்குள் தண்ணீர் வடிய வெட்டிய காணில் முட்டி பெயர்ந்து உட்கார்ந்திருந்தார். பயமெல்லாம் இல்லை. "இப்பத்தான் இந்தப் பக்கமா போனான்" என்றார். கதவைப் பூட்டினால் கதவை அடித்தார். அண்ணிக்கு எதுவும் ஆகிவிடக்கூடாது, அது ஒன்றுதான் அண்ணனுக்கு. அதற்காகச் சாயங்காலம் வெளியே தலை காட்டுவதையே விட்டுவிட்டார்.

கூடலூர் டாக்டரம்மா சொன்னார்: நிழல் விழுகிற இடம் இவர்களுக்கு ஆள் மாதிரி தெரியும், அந்த மூலையில் நன்றாக வெளிச்சம் போடுங்கள். அண்ணன் மேசை விளக்கு வாங்கினார். அண்ணி ஒயரைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார். இன்னொன்று வாங்கினார். அதுவும் போயிற்று. கண்ணாடிச் சில்லு காலில் ஏறியது. மேலே இருக்கிற டியூப் லைட்டுக்குப் பீரோ நிழல் அந்த மூலையில்தான் விழும். பீரோவை நகர்த்தினால் இன்னொரு இடத்தில் நிழல்.

ஒரு காலையில் அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, சிமென்ட் இருக்கா?"

"எதுக்குண்ணே?"

"வெளக்குச் செய்ய."

"வெளக்குக்கு எதுக்கு சிமென்ட்? வெளக்கா, அம்மிக்கல்லா?"

"அம்மிக்கல்லு மாதிரிதான்டா வேணும். ஒங்க அண்ணி புடிச்சு இழுத்தா அசையக் கூடாது."

முன்பு தோட்டத்துப் பங்களாவில் பழைய வெந்நீர்க் குழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் போட்டபோது, கழித்துப் போட்ட செம்புக் குழாயில் ஒரு துண்டை மேனேஜர் அண்ணனுக்குக் கொடுத்திருந்தார். சாக்கில் சுற்றிப் பரணில் கிடந்தது. பச்சை பிடித்துப் போயிருந்தது. அண்ணன் அதையும் ஒரு உருண்டைப் புளியையும் அண்ணி மடியில் வைத்தார். சொல்லிக் கொடுக்கவே வேண்டியதில்லை. ஆள் பேர் மறந்த அண்ணி, புளியைப் பிசைந்து குழாயைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

"யாரு வீட்டுக் கொடம் இது? இப்படிப் பச்ச புடிக்க விட்டிருக்காளே."

"ஒன் கொடந்தான்" என்றார் அண்ணன்.

அண்ணி என் பக்கம் திரும்பி, "பொய் சொல்றாரு கங்காணி ஐயா. என் கொடத்துல நீங்க மூஞ்சி பாக்கலாம்" என்றார். தேய்த்து முடித்தபோது குழாயிலும் மூஞ்சி பார்க்கலாம் போலத்தான் இருந்தது.

குழாய்க்குள் காய்ந்த மணலை இறுக்கி நிரப்பி, இரண்டு முனையிலும் மரக்கட்டை அடித்து, புளோ லேம்பில் சூடு காட்டி, மரத்துண்டில் வைத்து அண்ணன் வளைத்தார். மணல் இல்லாமல் வளைத்தால் நசுங்கிவிடும். மேலே கைத்தடி மாதிரி ஒரு வளைவு, பல்பு மூலையைப் பார்க்க. கீழே ஒரு சின்ன மடிப்பு, ஒயர் பக்கவாட்டில் வெளியே வர. நான் பழைய பிளாஸ்டிக் பேசினில் எண்ணெய் தடவி, குழாயை நடுவில் நிறுத்திக் கட்டி, சிறு ஜல்லி போட்டுக் கலவை ஊற்றினேன். கம்பியால் குத்திக் குத்தி விட்டேன்.

காய்ந்தபின் ஒயரை விட்டுப் பார்த்தால் போகவில்லை. குழாயின் அடி முனையை யாரும் அடைக்கவில்லை. சிமென்ட் பால் உள்ளே ஏறி இறுகிவிட்டது.

"ஃபிட்டர் வேல பாத்த மனுசனுக்கு ஒரு அடைப்பு வெக்கத் தெரியாதா?" என்றேன்.

"காலமெல்லாம் அடைப்பு எடுத்துத்தான்டா பழக்கம். வெச்சுப் பழக்கமில்ல" என்றார்.

சம்மட்டியால் உடைத்தோம். கெட்ட முனையை அறுத்து, திரும்ப மடித்து, இந்தத் தடவை சைக்கிள் பிரேக் கம்பியில் கட்டி ஒயரை முதலிலேயே இழுத்துவிட்டார். முனையில் துணி சுற்றிக் கட்டினோம். எர்த் ஒயரைக் குழாயோடு சேர்த்துப் பற்றவைத்து, மூன்று கம்பி பிளக் போட்டார். "ஈரக் கையோட தொடுவா" என்றார். திரும்ப ஊற்றினேன்.

இந்த ஊர்ப் பனியில் கலவை லேசில் இறுகாது. சாக்கை நனைத்து மேலே போட்டு, ஒரு வாரம் தொடாதீர்கள் என்றேன். அண்ணன் சாக்கைத் தூக்கித் தூக்கி நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏன் இந்த அவசரம் என்று சத்தம் போட்டேன்.

"ஒனக்கு ஒரு வாரம். எனக்கு ஒவ்வொரு சாயங்காலமும்டா" என்றார்.

அந்த வாரத்தில் ஒரு நாள், விளக்கு காய்ந்துகொண்டிருந்த ஷெட்டுக்கு அடியில் இரண்டு பேரும் மழைக்கு ஒதுங்கி நின்றோம். அண்ணன் என் தலையைப் பார்த்தார்.

"அவன் இருந்தா இப்ப அவனுக்கும் நரைச்சிருக்கும், இல்ல?"

"நரைச்சிருக்கும்ணே" என்றேன்.

விளக்கைத் தூக்க முடியவில்லை. சாக்கில் வைத்து இழுத்துக்கொண்டுதான் உள்ளே போனோம். மூலையில் நிறுத்தினோம். தேயிலை சாம்பிள் டின்னை வெட்டி பல்புக்கு மூடி செய்திருந்தார். இருட்டும் நேரம் சுவிட்சைப் போட்டார். சுவரில் என் பூச்சு வேலையின் மேடுபள்ளம் தெரிந்தது. ஒட்டடை தெரிந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அண்ணி எழுந்துபோய்ப் பார்த்தார். குழாயைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். அசையவில்லை. அப்புறம் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து, "தேத்தண்ணி தாங்க" என்றார்.

அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "இது எரிஞ்சா யாரும் வரமாட்டாங்க. நீ பேசாம இரு." தினமும் விளக்கைப் போடும்போது அதையே சொல்வார். எல்லாம் மறந்த அண்ணிக்கு அந்த வார்த்தை மட்டும் பாடமாகிவிட்டது. அண்ணன் சுவிட்சுக்குப் போகும்போதே அண்ணி சொல்வார்: "இது எரிஞ்சா யாரும் வரமாட்டாங்க." அதிலிருந்து அண்ணி கதவுப் பக்கம் போகவில்லை. காலனியில் எல்லோரும் வந்து விளக்கைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆட்டிப் பார்த்தார்கள். எங்களுக்கும் ஒன்று செய்து கொடுங்கள் என்றார்கள்.

அண்ணனுக்கு நிம்மதி என்று நினைத்தேன். அப்படி இல்லை. விளக்குக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். ஒரு சாயங்காலம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம்.

"வெளிச்சம் போட்டு அவன வெரட்டிட்டேன்டா" என்றார்.

நான் அவர் டம்ளரில் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

மழை பிடிக்கும் சாயங்காலங்களில் அண்ணன் கதவைத் திறந்துகொண்டு வாசலில் நிற்க ஆரம்பித்தார். தலையில் ஒரு சாக்கு. கையில் இன்னொரு சாக்கு. தேயிலைப் பக்கமே பார்ப்பார். யானை வருகிற நேரம், உள்ளே வாங்கண்ணே என்றால், "இரு, பாத்துட்டு வர்றேன்" என்பார். உள்ளே அண்ணி வெளிச்சத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். வெளியே அண்ணன் நனைந்துகொண்டு நிற்பார். அண்ணியை நிறுத்திவிட்டு, அந்த வேலையைத் தான் எடுத்துக்கொண்டது மாதிரி இருந்தது. நெஞ்சில் சளி கட்டியது. மருந்து சாப்பிட்டார். நிற்பதை விடவில்லை.

போன ஆடியில் ஒரு காலை, அண்ணிக்குத் தலை வாரிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு ஜீப்பில் ஏற்றினோம். கூடலூர் போவதற்குள் முடிந்துவிட்டது.

அண்ணனை நடு அறையில் கிடத்தித் தலைமாட்டில் எண்ணெய் விளக்கு ஏற்றினார்கள். எடுக்கிற வரைக்கும் அது அணையக் கூடாது என்பது வழக்கம். வந்து போகிறவர்களுக்காகக் கதவு திறந்தே இருந்தது. சாரல் அடித்து விளக்கு அணைந்தது. ஏற்றினார்கள். அணைந்தது. பெண்கள் ஆகாது, ஆகாது என்று பதறினார்கள். சாந்தி வீட்டுக்காரர், மாமா செய்த விளக்கு இருக்கிறதே என்று, இரண்டு பேரைச் சேர்த்து மூலையிலிருந்து இழுத்துவந்து தலைமாட்டில் வைத்து சுவிட்சைப் போட்டார். அவர் மேல் தப்பில்லை. எல்லோருக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. அவர் செய்த விளக்கே அவருக்கு என்று அழுதார்கள்.

அண்ணி அதுவரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தார். படுத்திருப்பது யார் என்றுகூடத் தெரியாத மாதிரி இருந்தார். வெளிச்சம் அண்ணன் முகத்தில் பட்டதும் எழுந்துவிட்டார்.

"அத அணைங்க! அது எரிஞ்சா யாரும் வரமாட்டாங்க. அவரு வரமாட்டாரு. அத அணைங்க!"

பெண்கள் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார்கள். பிள்ளை மாதிரி பேசுது, விடுங்க என்றார் ஒருவர். அண்ணி என்னைத்தான் பார்த்தார்.

"கங்காணி ஐயா, நீங்களாச்சும் சொல்லுங்க."

நான் எழுந்து பிளக்கைப் பிடுங்கினேன். சிலருக்கு என் மேல் வருத்தம். அது தெரியும். எண்ணெய் விளக்கைத் திரும்ப ஏற்றி, எடுக்கிற வரைக்கும் முறத்தை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அணையவில்லை.

காரியம் முடிந்து எல்லோரும் போனபின் சாந்தி அம்மாவோடு தங்கிவிட்டாள். விளக்கை மூலையில் பழையபடி வைத்தோம். பொழுது சாய்ந்தால் சாந்தி சுவிட்சைப் போடுவாள், அம்மா வெளியே போய்விடக் கூடாது என்று. அண்ணி குழாயைக் கட்டிக்கொண்டு இழுப்பார். அது அசையாது. கை சிவந்துபோகும். அழுவார். தினமும் இதே கதை.

"சித்தப்பா, போட்டா அழுவுது. போடாட்டி வெளிய போயிடும். நான் என்னதான் செய்ய?"

"இன்னைக்குப் போடாத" என்றேன். "நான் கதவுல குறுக்க உக்காந்துக்கறேன்."

சாந்திக்குப் பயம். எனக்கும்தான். போடவில்லை. மழை பிடித்துக்கொண்டது. மூலை இருண்டது. அண்ணி கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து வருவார் என்று நான் காலை ஊன்றித் தயாராக இருந்தேன். எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார்.

"வந்துட்டீங்களா? சாக்க அந்தப் பக்கம் போடுங்க. புள்ளைக்குத் தலையத் தொவட்டி விடுங்க. ரெண்டு பேரும் நல்லா நனஞ்சிருக்கீங்க."

சாந்தி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் மூலையைப் பார்த்தேன். அது நான் தூக்குக்குண்டு போட்டுக் கட்டிய மூலை. சுவர், பீரோ, குழாய். வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் அந்தப் பக்கம் காலை நீட்டாமல் மடக்கி உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து அண்ணி வெளியே போகக் கேட்கவில்லை. கதவைத் தாழ் போட்டாலும் சரி, திறந்து கிடந்தாலும் சரி. பிள்ளை நனைகிறது என்று சொல்லவும் இல்லை. சாயங்காலத்தில் சமையல்கட்டில் ஒரு சின்ன பல்பு மட்டும் போடுகிறோம். நடமாட அது போதும்.

ஆஸ்பத்திரிக்கு ஜீப் எடுத்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், கொட்டுகிற மழையில் குழி வெட்டித் தண்ணீரை இறைத்து இறைத்துக் காத்து நின்ற ஆட்களுக்கும், அண்ணனைத் தோளில் எடுத்த ஃபேக்டரி நண்பர்களுக்கும், வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றிய காலனிப் பெண்களுக்கும், அண்ணி தொலைந்துபோனபோது யானைக்குப் பயப்படாமல் தேடி வந்தவர்களுக்கும், கூடலூர் டாக்டரம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணன் இருந்திருந்தால் வாயால் சொல்ல மாட்டார். உங்கள் வீட்டுக் குழாய் ஒழுகினால் வந்து பார்த்திருப்பார்.

திதிக்கு வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உள்ளே வந்ததும் மூலையில் விளக்கைப் பார்ப்பீர்கள். தொட்டுப் பாருங்கள். ஆட்டிப் பாருங்கள். பொழுது சாய்ந்தபின் இருட்டாக இருக்கிறதே என்று யாரும் சுவிட்சைப் போட்டுவிட வேண்டாம். விளக்கு கெட்டுப்போகவில்லை. நாங்கள்தான் போடுவதில்லை. அந்த நேரத்தில் வருகிறவர்கள் மெதுவாக வந்து, மூலைப் பக்கம் கொஞ்சம் இடம் விட்டு உட்காருங்கள்.